மண்ணுக்காரரின் பேச்சு மட்டும்

எங்கள் பட்டறையில் செய்வது பியூஸ் கட்டை. கரண்ட் போனதும் வீட்டில் யாராவது ஸ்டூல் போட்டு ஏறி, சுவரிலிருந்து ஒரு பீங்கான் கட்டையைப் பிடுங்கிக் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதேதான். புது வீடுகளில் இப்போது அது கிடையாது. வயல்காட்டு மோட்டார் கொட்டகைகளில் இன்னும் இருக்கிறது, அதனால் எங்களுக்கும் சோறு இருக்கிறது. தொழிலதிபர் என்று யாரும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் கூரைத்தகடு போட்ட ஒரு ஷெட், மண் பிசையும் மெஷின், அச்சடிக்கும் பிரஸ்கள், பளபளப்புப் பூச்சான கிளேஸ் கலக்கிய தொட்டி, ஏழெட்டுப் பெண்கள். என் கணவர் பெண்ணாடம் பக்கம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறார். பட்டறை என் பொறுப்பு. அவர் கருத்து மட்டும் சொல்வார், அதற்குக் குறைவில்லை.

எங்களுக்குச் சொந்தச் சூளை இல்லை. பேட்டையில் பாதிப் பேருக்கு இல்லை. பொதுச் சூளை ஒன்று இருக்கிறது, அவரவர் சரக்கைச் சாகரில் அடுக்கிக் கொடுத்துவிட வேண்டும். சாகர் என்பது நெருப்பு தாங்கும் மண்ணில் செய்த பெட்டி. தீயும் புகையும் சரக்கின் மேல் நேராகப் படாமல் காப்பது அதன் வேலை. மூடி போட்டு, ஓரத்தில் களிமண் பூசி, மேலே அவரவர் அடையாளத்தைக் கீறிவிடுவோம். எங்களுடையது பக்கம் பக்கமாக இரண்டு கோடு. சூளைக்குள் தள்ளும் ஒரே டிராலியில் என் பெட்டியின் தலைமேல் என் போட்டிக்காரரின் பெட்டி உட்கார்ந்திருக்கும். அவருடைய பழுப்புக் கிளேஸ் எப்படி அவ்வளவு பளபளவென்று வருகிறது என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. வேகாத கட்டை ஒன்றிலிருந்து கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போய்ச் சோதனைக்குக் கொடுத்தால் பாதி ரகசியம் வந்துவிடும். இருந்தும் ஒருவர் சாகரை இன்னொருவர் திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மூடியில் விரிசல் விட்டால்கூடச் சூளைக்காரர் கை வைக்க மாட்டார். உரியவருக்குப் போன் போட்டு, "வந்து பாத்துட்டுப் போங்க" என்பார். இப்படி ஒரு விதி எங்கேயும் எழுதி மாட்டியிருக்கவில்லை. இது இல்லாவிட்டால் பொதுச் சூளையே நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

பட்டறையின் மற்ற எல்லாமே என் போனில் நடந்தது. கோயம்புத்தூர்க்காரர் அனுப்பும் வரைபடம், அவருக்கு நான் சொல்லும் விலை, இன்னொருவருக்கு நான் சொல்லும் வேறு விலை, கிளேஸில் எது எவ்வளவு என்கிற கணக்கு, சூளை முறை யாருக்கு என்று பேட்டைக்காரர்கள் பேசிக்கொள்ளும் குரூப், எல்லாம் அதில்தான். அதோடு எங்கள் பெண்களின் குரல்களும். மண் கையோடு எழுத முடியாது, சிலருக்கு எழுதவும் வராது. அதனால் எல்லோரும் பேசித்தான் அனுப்புவார்கள். "அக்கா, இன்னிக்கி வரலீங்க" என்று தொடங்கி, ஏன் வரவில்லை என்பது பின்னால் வரும். மாமியார், வயிற்றுவலி, கந்துக்காரன், தள்ளிப்போன நாள். நேரில் வாயைத் திறக்காத பெண் போனில் மடைதிறந்தாற்போலப் பேசுவாள். நான் காலையில் தோசை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிடுவேன். யாரை எந்த வேலையில் உட்கார வைப்பது, யாரைத் திட்டக் கூடாது என்பது எனக்குத் தோசைக்கல்லுக்குப் பக்கத்திலேயே முடிவாகிவிடும்.

ஒரு நாள் டீ நேரத்தில் ஒருத்தி கேட்டாள், "அக்கா, மேல மஞ்சளா ஒண்ணு எழுதியிருக்குதே, அது என்னாங்க?" நான் படித்துச் சொன்னேன். நீ அனுப்புவதை நீயும் நானும் தவிர வேறு யாரும் கேட்க முடியாது, அந்தக் கம்பெனிக்காரனாலேயே முடியாது என்று போட்டிருக்கிறது என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. "நம்ம சாகர் மாதிரிதாம்மா. மூடி போட்டு அனுப்பறோம், அந்தப் பக்கம் போய்த்தான் தொறக்கும்" என்றேன். அது உடனே புரிந்தது. அதற்குப் பிறகுதான் குரல்கள் இன்னும் நீளமாக வந்தன.

அப்படிப் பேசியவர்களில் கிளேஸ் தொட்டியில் வேலை செய்த பெண்ணும் ஒருத்தி. ஸ்ரீமுஷ்ணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். புருஷன் குடித்துவிட்டு அடிப்பவன் அல்ல, குடிக்காமலே அடிப்பவன். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு அவள் கிளம்பி வந்தபோது, அவன் வீட்டார் அவளைத் திருப்பூரில் தேடினார்கள். ஊரில் சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் திருப்பூருக்குத்தான் போவார்கள் என்பது அவர்கள் எண்ணம். அவள் ஒரு மணி நேரப் பயணத்தில் விருத்தாசலத்தில் இருந்தாள். கண்டுபிடித்தால் மகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், அதை வாய்விட்டுச் சொல்லியே இருந்தான். அவளுக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தது நான். வீட்டுக்கார அம்மாவின் நம்பர், தெருவின் லொகேஷன், மகள் சேர்ந்த ஸ்கூல், எந்த ஆட்டோவில் போகிறாள் என்பது வரை எல்லாம் எங்கள் இருவர் போனிலும்தான் இருந்தது. அவள் ஆரம்பத்தில் அனுப்பிய குரல்களில் சிலவற்றை நான் இரண்டாம் முறை கேட்டதில்லை. கேட்க முடியவில்லை.

வேலையில் அவள் கெட்டிக்காரி. சில நாளிலேயே தொட்டி அவள் வசம் போய்விட்டது. கட்டையை முக்கி எடுத்து அடிப்பாகத்தைத் துடைக்க வேண்டும், துடைக்காவிட்டால் சூளையில் சாகரோடு ஒட்டிக்கொள்ளும். அவள் வந்த பிறகு ஒட்டுவது குறைந்தது. வாய்விட்டுச் சிரிக்கவும் ஆரம்பித்திருந்தாள்.

எங்களுக்கு மண் கொடுத்துக்கொண்டிருந்த வியாபாரி ஒரு பேர்வழி. நல்ல மண்ணுக்குப் பில் போட்டுவிட்டு, பாதி லோடு எதையோ கலந்து இறக்குவார். கட்டை வெந்து வந்ததும் கரும்புள்ளியாக நிற்கும், கேட்டால் சூளையைக் குறை சொல்வார். கடைசியில் மண்ணே அனுப்பாமல் பில் மட்டும் போட்டுப் பெரிய மோசடி செய்திருக்கிறார் என்று தெரிந்தது. அவரைப் பிடிக்க ஒரு சர்க்கார் ஆபீசிலிருந்து வந்தார்கள். எந்த ஆபீஸ் என்று நான் எழுதப் போவதில்லை. பிடிக்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. அவரிடம் மண் வாங்கிய எல்லாப் பட்டறைக்கும் வந்தார்கள், எங்களுக்கும் வந்தார்கள்.

வந்த அதிகாரி மரியாதையானவர். டீ வேண்டாம் என்றார், பிறகு குடித்தார். பில்களைப் பார்த்தார். "அவருகூட என்ன பேசினீங்கன்னு பாக்கணுங்கம்மா. போனக் கொஞ்சம் தொறந்து குடுங்க" என்றார். உத்தரவு ஒன்றைக் காட்டினார். நான் மண்ணுக்காரரின் பேச்சைத் திறந்து நீட்டினேன். நான் அவரைத் திட்டி அனுப்பியது எல்லாம் அதில் இருந்தது, படித்தால் அதிகாரிக்கே என் மேல் மதிப்பு வரும் என்று நினைத்தேன். அவர் போனை வாங்கிக் கூட வந்த இளைஞரிடம் கொடுத்தார். அந்த இளைஞர் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கருவியை அதில் செருகினார்.

"அது என்னாங்க?" என்றேன்.

"காப்பி எடுக்கறாருங்கம்மா. கொஞ்ச நேரந்தான்."

"மண்ணுக்காரர் பேச்சு மட்டும்தானே?"

அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "மெஷினுக்கு மண்ணுக்காரரு யாரு, மத்தவங்க யாருன்னு தெரியாதுங்கம்மா. எல்லாத்தையும்தான் எடுக்கும். நமக்கு வேணுங்கறத மட்டும் பாத்துப்போம்."

"சார், எங்க பேட்டையில ஒருத்தரு சாகர இன்னொருத்தரு தொறக்க மாட்டோங்க. ஒருத்தரு சரக்குல தப்பு இருந்தா அவரு பெட்டியத்தான் எறக்குவோம். டிராலியோட எல்லாத்தையும் ஒடைக்க மாட்டோம்" என்றேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சரிதாங்கம்மா. உங்ககிட்ட மறைக்க ஒண்ணும் இல்லையில்ல, அப்புறம் என்ன பயம்?" என்றார். இந்தக் கேள்விக்கு இன்று வரை எனக்குப் பதில் தெரிந்தும் சொல்ல வாய்க்கவில்லை. மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லைதான். என்னிடம் கொடுத்து வைத்தவர்களுக்கு இருந்தது.

அவர்கள் போனதும் நான் முதலில் கவலைப்பட்டது விலைக்கும் கிளேஸுக்கும்தான், மறைப்பானேன். சாயங்காலம் கணவர் வந்து, "உன் கிளேஸ் கணக்க வெச்சு அவங்க ஆபீஸ்ல பியூஸ் கட்டையா போடப் போறாங்க? உனுக்கு நெனப்புதான்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனாலேயே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பட்டறையில் எல்லோரிடமும் சொன்னேன். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று கணவர் சொன்னார். ஆனால் மஞ்சள் எழுத்தைப் படித்துக் காட்டியது நான். அதனால் மண்ணுக்காரர் விவகாரத்தில் போனைப் பிரதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், நீங்கள் அனுப்பியதும் அதில் போயிருக்கிறது என்று இருக்கிறபடி சொன்னேன். ஒருத்தி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, "எங்க மாமியாரத் திட்டனதும் போயிடுச்சுங்களா?" என்றாள், எல்லோரும் சிரித்தார்கள். கிளேஸ் தொட்டிப் பெண் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள்.

"எந்த ஆபீஸுங்கக்கா?"

சொன்னேன்.

"அங்கதாங்க எங்க மூத்தாரு வண்டி ஓட்டறாரு" என்றாள். மூத்தார் என்றால் புருஷனின் அண்ணன்.

டிரைவருக்கும் அந்தப் பிரதிக்கும் என்னம்மா சம்பந்தம், அதெல்லாம் சீல் வைத்து வைத்திருப்பார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். "அது அங்க எத்தினி நாளு இருக்குங்க?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள அந்த ஆபீசுக்கே போனேன். பஸ்ஸில் போகும்போதே எப்படிக் கேட்பது என்று யோசித்து யோசித்துத் தலை வலித்தது. ஒரு பெண்ணின் பேச்சை மட்டும் அழித்துவிடுங்கள் என்றால், எந்தப் பெண், ஏன் என்பார்கள். சொன்னால் அவர்கள் தானாகக் கவனிக்காமல் விட்டிருக்கக் கூடியதை நானே விரல் வைத்துக் காட்டியதாகிவிடும். சொல்லாவிட்டால் அழிக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம் என்பது போல இருந்தது.

வாசலில் நின்ற ஜீப்புகளையும் அவற்றின் மேல் சாய்ந்து பேசிக்கொண்டிருந்த டிரைவர்களையும் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். அவர்களில் எவர் அந்த மூத்தார் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் சாதாரணமாகத்தான் இருந்தார்கள். ஒருவர், "யாரப் பாக்கணுங்கம்மா?" என்று வழிகூடக் காட்டினார்.

அதிகாரி உட்காரச் சொன்னார். பொதுவாகக் கேட்டேன். கேஸ் முடியும் வரை பிரதி இருக்கும், கோர்ட்டுக்குப் போனால் அங்கேயும் இருக்கும், கண்டவர்கள் பார்க்க முடியாது, பொறுப்பானவர்கள்தான் பார்ப்பார்கள் என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை. நான் கொஞ்சம் தெளிந்து எழுந்தேன். அப்போது பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் சத்தமாகக் கேட்டது. "என்னாங்க, புள்ளைக்கு இன்னும் ஜொரம் வுடல, நீங்க எப்ப வருவீங்க" என்றது. எட்டிப் பார்த்தேன். ஒரு குமாஸ்தா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாருடைய போனிலிருந்தோ எடுத்த குரல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். காதில் எதுவும் மாட்டிக்கொள்ளவில்லை. டீ கொண்டுவந்தவர் டம்ளரை வைத்துவிட்டு, அந்தக் குரல் முடியும் வரை நின்று கேட்டுவிட்டுப் போனார். அவர்கள் யாரும் கெட்டவர்களாகத் தெரியவில்லை. வேலை நடந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த அம்மாவின் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கத் தோன்றியது. கேட்காமல் வந்துவிட்டேன்.

அவளிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னேன், அந்தக் குரலைப் பற்றியும். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று சில சமயம் நினைப்பேன். இல்லை, சொன்னதுதான் சரி. கத்தி தொங்குவது அவள் கழுத்துக்கு மேல்.

இதற்கிடையில் பேட்டையே மாறிவிட்டது. பல பட்டறைகளில் போனைப் பிரதி எடுத்திருந்தார்கள். சூளை முறை பேசும் குரூப்பிலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அதில் என்ன ரகசியம், டிராலி யாருடையது என்பதுதானே என்றால், "எதுக்குங்க வம்பு" என்றார்கள். ஒரு நாள் இரண்டு பட்டறைச் சரக்கும் ஒரே காலையில் வந்து சூளை வாசலில் நின்று, சண்டை போட்டு வேகாத பச்சைக் கட்டைகள் உடைந்ததுதான் மிச்சம். கோயம்புத்தூர்க்காரர் வரைபடம் அனுப்புவதை நிறுத்திவிட்டு ஆளை அனுப்பினார். வந்தவர் காகிதத்தைக் காட்டினார், நான் பார்த்து முடித்ததும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். இப்படி ஓர் ஆர்டருக்கு ஓர் ஆளை அனுப்ப அவருக்குக் கட்டுபடியாகுமா? கொஞ்ச நாளில் ஆர்டரைத் தன் ஊர்ப்பக்கமே கொடுத்துவிட்டார். செய்தி அனுப்பும் கம்பெனிகளே சர்க்காருக்கு ஒரு சாவி கொடுத்து வைக்க வேண்டும் என்று டிவியில் பேசிக்கொண்டார்கள். திருடனைப் பிடிக்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டும்தான். எங்கள் மண்ணுக்காரரைப் பிடித்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அந்தச் சாவி எந்த அறையில் இருக்கும், அந்த அறைக்குள் டீ கொண்டுபோவது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

எங்கள் பெண்கள் குரல் அனுப்புவதை ஒரேயடியாக நிறுத்தவில்லை. "அக்கா, இன்னிக்கி வரலீங்க" என்பது மட்டும் வந்தது. அதற்குப் பின்னால் வர வேண்டியது வரவில்லை. காய்ச்சலா, சண்டையா, வேறு வேலை தேடிக்கொண்டாளா என்று தெரியாமல் நான் குத்துமதிப்பாக வேலை பிரித்தேன். திட்டக் கூடாத நாளில் ஒருத்தியைத் திட்டி, அவள் அழுத பிறகுதான் விஷயம் தெரிந்தது.

கிளேஸ் தொட்டிப் பெண் மகளின் பரீட்சை முடியும் வரை இருந்தாள். அந்த நாட்களில் பேட்டை ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் தொட்டியில் அவள் கை நின்றுவிடும். சத்தம் தாண்டிப் போனதும் மறுபடி ஓடும். ஜீப்பில் வந்தவர்கள் யாரும் எங்கள் ஷெட்டுக்கு வரவில்லை. அவள் வீட்டுப் பக்கமும் யாரும் வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"ஒண்ணும் நடக்கலீங்கக்கா. ஆனா நேத்து நடக்கலன்னா நாளைக்கி நடக்காதுன்னு எப்பிடிச் சொல்றது?" என்றாள். "அங்க இருக்குதுல்ல."

மகளின் டி.சி.யை வாங்கியாகிவிட்டது என்று ஒரு மத்தியானம் வந்து சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேல் இல்லை, யார் மேல் என்று தெரியாத கோபம். எங்கே போகிறாய், யார் வீட்டில் தங்குவாய், அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா பார்க்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"எங்கன்னு சொல்ல மாட்டேங்கக்கா. கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குத் தெரியலன்னா உங்ககிட்டேருந்து யாரும் எடுக்க முடியாதுல்ல" என்றாள்.

நான் போனை மேஜை மேல் வைத்தேன். "சொல்லாதம்மா" என்றேன். அவளுக்கு நான் செய்யக்கூடிய உதவியாக அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

கடைசி நாள் அவள் துடைத்த கட்டைகளை அவளே சாகரில் அடுக்கி, மூடி போட்டு, மண் பூசி, இரண்டு கோடு கீறினாள். "போயிட்டு வரேங்கக்கா" என்றாள். அந்தச் சரக்கு வெந்து ஆறி வெளியே வந்தபோது அவள் ஊரில் இல்லை. நானே மூடியைத் தட்டித் திறந்தேன். ஒரு கட்டைகூட ஒட்டவில்லை.

என் போனில் அவள் பேச்சு முழுவதையும் அழித்தேன். அதனால் என்ன பிரயோசனம்? என்னிடம்தான் அது இல்லாமல் போனது. அங்கே இருக்கும். பழைய நம்பருக்கு ஒரு தடவை போன் போட்டேன், உபயோகத்தில் இல்லை என்று வந்தது. அவளும் மகளும் நன்றாக இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

மழைக்காலம் தொடங்கும்போது அந்த அதிகாரி கூப்பிட்டார். மண்ணுக்காரர் கேஸ் கோர்ட்டுக்குப் போய்விட்டது, உங்களைச் சாட்சிக்குக்கூடக் கூப்பிட மாட்டோம், கவலைப்படாமல் வேலையைப் பாருங்கள் என்றார். நல்ல செய்தியைத் தானே சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல மனிதர்தான்.

"முழுசாப் பாத்துட்டோங்கம்மா. உங்க போன்ல ஒண்ணுமில்ல" என்றார்.

"இருந்துச்சுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "என்னங்கம்மா?" என்றார். பிரஸ் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று போனை வைத்தேன். கிளேஸ் தொட்டிக்குப் புதிதாக வந்த பெண் அடிப்பாகத்தைத் துடைக்காமலே கட்டையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.